வானூர்திக்கு விடுதி எதற்கு?

திருத்தணிகை மலையடிவாரத்தில் வாழ்பவர்களுக்கு வழிப்போக்கர் புதியவர் அல்லர். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசும் குடும்பங்கள் காவடியோடும் கைக்குழந்தையோடும் வந்து சேர்கின்றன. சென்னையிலிருந்து வருவோருக்கோ கணக்கே இல்லை. சரவணப் பொய்கையைச் சுற்றியுள்ள மண்டபங்களிலும் சத்திரங்களிலும் இடம் கிடைத்தவர் படுத்துறங்குவர்; கிடைக்காதவர் கடைத் திண்ணையில் துண்டை விரிப்பர். ஆண்டின் கடைசி இரவில் மலைப்படிகள் 365க்கும் பூசை நடக்கும்போதும் இதே காட்சிதான். இவ்வூரில் சிறியதொரு சமூகமாக வாழும் நாமும் அந்நாட்களில் ஆலய வளாகத்துக் குழாயை வழிப்போக்கருக்குத் திறந்துவிடுவது வழக்கம்.

சென்ற மாதப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் அன்பர் ஒருவர் மேசைமீது ஒரு வரைபடத்தை விரித்தார். நல்லவர், ஆலயத்துக்காகத் தம் கைப்பொருளையும் காலத்தையும் செலவிட்டவர். நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் நம் காலி மனையில் மூன்று மாடித் தங்கும் விடுதி ஒன்று எழும்பியிருந்தது அந்த வரைபடத்தில். திருப்பதிக்கும் திருத்தணிக்கும் போய்வருபவர் கூட்டம் ஆண்டுதோறும் பெருகுவதால் அறைகள் ஒருநாளும் காலியாக இரா என்றார். நம் முகத்தில் தயக்கத்தைக் கண்டாரோ என்னவோ, "எல்லாம் கணக்குப் போட்டாச்சு சாமி. ஏரோப்ளேன் கம்பெனிக்காரனே லாட்ஜ் கட்டுறான். அவனுக்குத் தெரியாத கணக்கா நமக்குத் தெரியப்போவுது?" என்று முடித்தார். பேரவையில் பலர் தலையசைத்தனர்.

அன்று நாம் விடை கூறவில்லை. கூட்டத்தில் உடனுக்குடன் விடையிறுப்பதில் நாம் என்றுமே வல்லவர் அல்லோம். கூட்டம் கலைந்து விளக்கை அணைத்த பின்னரே நமக்குச் சொற்கள் வாய்க்கும். அன்பர் எடுத்துக்காட்டிய அந்த வானூர்தி நிறுவனங்களின் கணக்கையே இங்கே எடுத்துப் பார்ப்போம். அக்கணக்கு அவர் நினைப்பது போல் முடியவில்லை என்பதே நாம் சொல்ல வந்தது.

நம் நாட்டின் கதை 1932இல் தொடங்குகிறது. அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு சிறு வானூர்தியில் அஞ்சல் பைகளை ஏற்றிக்கொண்டு அகமதாபாத் வழியாகப் பம்பாயில் வந்திறங்கினார். அங்கிருந்து சென்னைக்குரிய அஞ்சலை அவருடைய தோழர் நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகக் கொணர்ந்து சேர்த்தார். கடிதத்தை அதற்குரிய கையில் சேர்ப்பது என்னும் ஒரே பணிக்காக எழுந்த நிறுவனம் அது. 1946இல் ஏர் இந்தியா என்னும் பெயர் பெற்றது. 1948 ஜூன் மாதத்தில் பம்பாயிலிருந்து லண்டன்வரை பறந்தது. 1953இல் நாட்டுடைமையாயிற்று. அன்றுமுதல் அந்த வானூர்தியின் ஒவ்வோர் ஆணியிலும் திருத்தணி வட்டத்து நெசவாளிக்கும் பங்கு உண்டாயிற்று, அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட அதில் ஏறப்போவதில்லை என்றாலும்.

1971இல் ஏர் இந்தியாவுக்கு முதல் போயிங் 747 வந்தது. ஒரே வண்டியில் 300க்கும் மேற்பட்டோர் ஏறக்கூடிய பேரூர்தி அது. வானிலை கெட்டோ இயந்திரம் பழுதுபட்டோ அவ்வண்டி நள்ளிரவில் நின்றுவிட்டால் அத்தனை பேரையும் எங்கே உறங்கவைப்பது? இந்தக் கேள்வி நேர்மையானது. ஆடிக் கிருத்திகை இரவில் திண்ணையில் படுத்திருக்கும் தாய்மாரைப் பார்த்துப் பழகிய நாம் இதை எள்ளி நகையாட மாட்டோம். அதே ஆண்டு ஜூலையில் ஏர் இந்தியா முழு உரிமையுள்ள துணை நிறுவனமாக இந்திய விடுதிக் கழகத்தைத் தோற்றுவித்தது. பம்பாய் விமான நிலையத்தருகே விடுதி எழுந்தது. அதற்குச் 'சென்டார்' என்று பெயரிட்டனர். பாதி மனிதன், பாதி குதிரை, கையில் வில்: ஏர் இந்தியாவின் சின்னமாக நெடுங்காலம் இருந்த கிரேக்கக் கதைப் பிறவி அது. எந்தப் பாதி எந்தப் பாதியை இழுத்துச் செல்லும் என்பதைப் பெயர் வைத்தவர்கள் எண்ணிப் பார்த்தார்களோ, அறியோம்.

இதுவரை நமக்கு வழக்கு இல்லை. வழக்கு இதன் பிறகுதான். நள்ளிரவில் நின்றுபோன பயணிக்காகத் தொடங்கிய விடுதி, அந்தப் பயணியோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதே நகரில், சில கல் தொலைவில், ஜூஹு கடற்கரையில் இன்னொரு சென்டார் எழுந்தது. கடல் பார்த்த அறையில் யாருடைய வானூர்தி பழுதாகி நின்றது? ஸ்ரீநகரில் தால் ஏரிக்கரையில் ஒன்று கட்டினார்கள். பீகார் மாநிலத்து ராஜ்கீரில், பௌத்தத் திருத்தலப் பயணிகளை எண்ணிக் கூட்டுமுயற்சியாக ஒன்றைப் பெயர் கொடுத்து நடத்தினார்கள். ராஜ்கீருக்கு ஏர் இந்தியா பறந்ததில்லை. பறவாத ஊரில் பறக்கும் நிறுவனத்துக்குக் கூடு எதற்கு?

இப்படிப் பெருகியவை எவ்வாறு முடிந்தன என்பதை அன்பர் கேட்டறிய வேண்டும். 2002ஆம் ஆண்டில் நடுவண் அரசு இவற்றுள் சிலவற்றை விற்றது. ஜூஹு விடுதி 153 கோடி ரூபாய்க்குப் போயிற்று. மும்பை விமான நிலைய விடுதி 83 கோடிக்குப் போயிற்று. அந்த 83 கோடி விடுதியை வாங்கியவர்கள் சில மாதங்களுக்குள் 115 கோடிக்குச் சகாரா குழுமத்திடம் கைமாற்றினர். இடையிலே 32 கோடி. ஒரு செங்கல் கூடவில்லை, ஒரு கட்டில் கூடவில்லை. கூடியது விலை மட்டுமே. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, தணிக்கைத் துறையும் குறை கண்டது. ஆனால் விற்றது விற்றதுதான். தலைவருக்கு வரவேண்டிய கடனைக் குறைத்து எழுதிக் கொடுத்த வீட்டுப் பொறுப்பாளரை நற்செய்தியில் நாம் சந்தித்திருக்கிறோம். அவருக்காவது மறுநாள் தமக்கு ஒரு வீட்டுக் கதவு திறக்கும் என்னும் கணக்கு இருந்தது. இங்கே உடைமைக்காரர்களாகிய நமக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த விடுதியை வாங்கிய சகாரா குழுமம் அப்போது தானும் ஒரு வானூர்தி நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தது. விடுதி அவர்களிடம் தங்கிற்று. வானூர்திகளை 2007இல் ஜெட் ஏர்வேசுக்கு விற்றுவிட்டனர். அந்த ஜெட் ஏர்வேசும் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திக்கொண்டது. ஜூஹு விடுதியோ புதிய பெயரில் சிலகாலம் நடந்து, மூடப்பட்டு, கடற்கரையோரத்தில் ஆண்டுக்கணக்காகப் பாழ்பட்டுக் கிடந்தது. ஸ்ரீநகர் விடுதிக்கு 2019 ஆகஸ்டில் வேறொரு பயன் கிட்டிற்று: காஷ்மீரின் அரசியல் தலைவர்கள் பலரை அதில்தான் காவலில் வைத்தனர். பயணிகளுக்கென்று கட்டிய அறைகள் வெளியே போக இயலாதவர்களுக்குப் பயன்பட்டன.

தாய் நிறுவனத்தின் நிலை என்ன? 2021இல் ஏர் இந்தியாவின் கடன் 61,000 கோடி ரூபாயைத் தாண்டிற்று. 2022 சனவரியில் அதை மீண்டும் டாட்டா குழுமம் ஏற்றபோது அவர்கள் தலையில் ஏற்றிக்கொண்ட கடன் 15,300 கோடி. ஏறத்தாழ 46,000 கோடி அரசின் பொறுப்பில், அதாவது நம் பொறுப்பில், விடப்பட்டது. இக்கடன் முழுவதும் விடுதிகளால் விளைந்தது என்று நாம் சொன்னால் அது பொய்யாகும். 2007இல் இந்தியன் ஏர்லைன்சோடு இணைத்த குழப்பமும், தேவைக்கு மீறி வாங்கிய வானூர்திகளும், அமைச்சர்களின் தலையீடும் அதில் பெரும்பங்கு கொண்டவை. ஆயினும் ஒன்றைக் கேட்கலாம். துணைத் தொழில் தாய்த் தொழிலைக் காக்கும் என்றுதானே சொன்னார்கள்? முப்பது ஆண்டு விடுதித் தொழில் எந்த நாளில் எந்த வானூர்தியைக் காத்தது?

இது இந்திய அரசின் திறமைக்குறைவு, தனியார் கையில் இருந்திருந்தால் வேறு என்று சொல்வோர் உளர். அவர்கள் கடல் கடந்து சற்றுப் பார்க்கட்டும். அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனம் 1946இல் இன்டர்கான்டினென்டல் விடுதிகளைத் தொடங்கிற்று. உலகெங்கும் பரவிய அவ்விடுதிகள் நல்ல வருவாய் ஈட்டின. பறக்கும் தொழிலில் நட்டம் கூடியபோது, 1981இல், ஈட்டிக்கொண்டிருந்த அந்த விடுதிகளையே 50 கோடி டாலருக்கு விற்று நட்டத்தில் போட்டது பான் ஆம். விற்ற பணம் கரைந்தது. 1991 டிசம்பரில் பான் ஆம் மூடப்பட்டது. விடுதிகள் இன்றும் அதே பெயரில் நடக்கின்றன, பெற்ற தாய் யாரென்று அங்கே தங்குபவருக்குத் தெரியாமலேயே.

யுனைடெட் நிறுவனத்தின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. 1970இல் வெஸ்டின் விடுதிகளை வாங்கினார்கள். 1985இல் ஹெர்ட்ஸ் என்னும் வாடகை மகிழுந்து நிறுவனம். 1987இல் ஹில்டன் இன்டர்நேஷனல். பயணி வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டுத் திரும்பும்வரை அவருடைய பணப்பை தங்கள் கையைவிட்டு நழுவக்கூடாது என்பது திட்டம். இத்தனையும் சேர்ந்த நிறுவனத்துக்கு 'அல்லீஜிஸ்' என்று புதுப்பெயர் சூட்டினர். அப்போது நியூயார்க்கில் கட்டடத் தொழில் செய்துகொண்டிருந்த டொனால்டு டிரம்ப், அது ஏதோ உலகளாவிய புது நோயின் பெயர் போல் இருக்கிறது என்று கேலி செய்தார். அவருடைய பிற்காலச் சொற்களில் எதையும் வழிமொழிய நாம் முன்வரோம், இதை மட்டும் வழிமொழிகிறோம். ஆனால் அங்கே நம் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. அந்த நிறுவனத்தின் வானோடிகள் சங்கம் முன்வந்து, வானூர்திப் பகுதியை எங்களுக்கே விற்றுவிடுங்கள், நாங்கள் நடத்திக்கொள்கிறோம் என்று கேட்டது. பறப்பவர்கள், பறத்தல் மறக்கப்படுவதைக் கண்டு எழுப்பிய குரல் அது. அவ்வாண்டு ஜூனில் தலைவர் பதவி விலக நேர்ந்தது. விடுதிகளும் மகிழுந்துகளும் விற்கப்பட்டன. புதுப்பெயரும் ஓராண்டில் மறைந்தது.

சுவிட்சர்லாந்தின் சுவிஸ்ஏர், ஒழுங்குக்கு உலகம் காட்டிய எடுத்துக்காட்டு. விடுதி, வான்வழிச் சமையல், கடை, பிற நாட்டு வானூர்தி நிறுவனங்களின் பங்குகள் என்று பரவிற்று. 2001 அக்டோபரில் எரிபொருளுக்குப் பணமின்றி அதன் வானூர்திகள் தரையில் நின்றன. ஜப்பான் ஏர்லைன்ஸ் 2010 சனவரியில் நொடித்துப்போய் நீதிமன்றப் படி ஏறியபோதும், அது வளர்த்த விடுதி நிறுவனத்தைக் கைமாற்றிவிடவே நேர்ந்தது. எல்லாவற்றையும் விரித்துக் கொண்டிருந்தால் பக்கம் போதாது.

இனி, பல தொழிலில் கால் வைத்தால் ஒன்று சரிந்தாலும் மற்றொன்று தாங்கும் என்னும் வாதம். கேட்கச் சரியாகவே இருக்கிறது. நெல்லும் கேழ்வரகும் மாற்றிப் பயிரிடுகிற உழவர் இதைத்தான் செய்கிறார். ஆனால் அவர் தண்ணீர் வேண்டிய பயிரையும் தண்ணீர் தாங்காத பயிரையும் பார்த்துப் பயிரிடுகிறார். வானூர்தியும் விடுதியும் அப்படிப்பட்ட இரண்டு பயிர்களா? இரண்டும் நம்பியிருப்பது ஒரே பயணியை. அவர் வீட்டைவிட்டுக் கிளம்பாத நாளில் இருக்கையும் காலி, கட்டிலும் காலி. 2020 மார்ச் 25 முதல் மே 25 வரை பெருந்தொற்றினால் உள்நாட்டு வானூர்திகள் இரண்டு மாதம் நின்றன. அந்த இரண்டு மாதமும் எந்த விடுதி எந்த வானூர்திக்குச் சோறு போட்டது? ஏரி உள்வாயில் இரண்டு குடிசை போட்டுக்கொண்டு, ஒன்று மூழ்கினால் மற்றொன்று இருக்கும் என்று ஒருவன் சொன்னால் நம்மூர்ப் பிள்ளைகளே சிரிப்பார்கள். அதையே குளிர்பதன அறையில் படம் போட்டுக் காட்டினால் பங்குதாரர்கள் கை தட்டுகிறார்கள்.

எல்லாத் துணைத்தொழிலும் தீது என்பது நம் கட்சி அன்று. இலங்கையில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஆண்டுக்காண்டு நட்டத்தில் உழன்றபோதும் அதன் உணவு வழங்கும் துணை நிறுவனம் இலாபம் ஈட்டி வந்திருக்கிறது. வானூர்தியில் அமர்ந்தவருக்கு உணவு வேண்டும். அவ்வுணவைச் சமைக்கும் கூடம் வானூர்தியின் கை போன்றது. பழுதுபார்க்கும் பட்டறையும் அவ்வாறே. கை வேறு, கையிலுள்ள மோதிரம் வேறு. மோதிரத்தை அடகு வைக்கலாம், விற்கலாம், கடைசியில் அதற்குத்தான் பயன்படுகிறது என்பதைப் பான் ஆம் காட்டிற்று.

டாட்டா குழுமத்தையே சிலர் எதிர்வாதமாகக் காட்டுவர். தாஜ் விடுதி அவர்களுடையது, ஏர் இந்தியாவும் இப்போது அவர்களுடையது, இரண்டும் நடக்கவில்லையா என்பர். மும்பையில் தாஜ் 1903இல் திறக்கப்பட்டது, ஜே.ஆர்.டி. பறந்தது அதற்கு 29 ஆண்டுகளுக்குப் பிறகு. விடுதி நடத்துவதற்கென்றே ஒரு நிறுவனம், அதற்கென்று தனிக் கணக்கு, அத்தொழிலிலேயே தலை நரைத்த ஆட்கள். வானூர்தியின் வாலில் கட்டித் தொங்கவிட்ட விடுதி அன்று அது. அந்த எடுத்துக்காட்டு நம் பக்கமே நிற்கிறது.

வேறு தொழிலிலிருந்து வானூர்திக்கு வந்தவர்களின் கதையும் நமக்குத் தெரிந்ததே. சென்னையில் காற்றாலை செய்துகொண்டிருந்த என்.இ.பி.சி. குழுமம் 1990களில் வானூர்தி விட்டது, இன்னொரு நிறுவனத்தையும் விழுங்கிற்று, 1997இல் தரையிறங்கிற்று. மதுபான வணிகர் தொடங்கிய கிங்ஃபிஷர் 2005இல் பறந்தது, 2012இல் நின்றது. பல மாத ஊதியம் பெறாமல் பணியாளர் தெருவில் நின்றனர். எல்லாம் செய்ய வல்லேன் என்று கிளம்புகிற முதலாளி திரும்பிப் போக அவருக்கு எங்கேனும் ஒரு வீடு இருக்கும். அவரை நம்பி வந்தவருக்கு இருப்பதில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். நாட்டில் வானூர்தி ஏறும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் இண்டிகோவில் ஏறுகின்றனர். அதன் பின்னுள்ள இன்டர்குளோப் குழுமம் வானூர்தி விடுவதற்கு முன்பே, 2004இல், பிரான்சின் அக்கோர் நிறுவனத்தோடு கூடி விடுதித் தொழிலில் இறங்கியது. 2030க்குள் 300 விடுதிகள் என்று 2025இல் இரு தரப்பும் அறிவித்தன. அதே 2025இன் டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் வானூர்திகள் ஆயிரக்கணக்கில் நின்றுபோயின. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். காரணம் புயலா, போரா? வானோடிகளுக்கு வாரத்தில் 36 மணி நேரமாக இருந்த ஓய்வை 48 மணி நேரமாக உயர்த்தியும், இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் அரசு விதி செய்திருந்தது. 2024 சனவரியிலேயே அறிவித்த விதி. நடைமுறைக்கு வந்தது 2025இல். அதற்கு வேண்டிய ஆட்களை அமர்த்தி ஆயத்தமாக இருந்திருக்க வேண்டிய நிறுவனம் ஆயத்தமாக இல்லை. சென்னை விமான நிலையம் உட்பட எங்கும் மக்கள் பெட்டிமேல் தலைவைத்துத் தரையில் படுத்தனர். பிற நிறுவனங்களின் கட்டணம் எகிறவே, அரசு அதற்கு உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. இண்டிகோவின் பயண அட்டவணையில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கவும் ஆணையிட்டது.

விடுதிகளால்தான் வானூர்திகள் நின்றன என்று நாம் சொல்லவில்லை. விடுதி வேறு நிறுவனம், வானூர்தி வேறு நிறுவனம் என்பதையும் அறிவோம். நாம் சுட்டுவது ஒன்றே. 300 விடுதிக்கு ஐந்தாண்டு முன்னதாகத் திட்டம் தீட்டத் தெரிந்த வணிகக் குழுமம் ஒன்றில், ஏறக்குறைய இரண்டாண்டு முன்னரே அறிவித்த ஓய்வு விதிக்கு வானோடிகளைச் சேர்க்க முடியவில்லை. அந்தக் குழுமத்தின் எத்தனையோ திட்டங்களில் மிகப் பழைய, மிக எளிய திட்டம், ஓட்டுபவர் கண்ணயராமல் ஓட்டவேண்டும் என்பது, பின்வரிசைக்குப் போயிருக்கிறது. சென்னைக்கும் திருப்பதிக்கும் இடையே பேருந்து ஓட்டும் நம்மூர் ஓட்டுநரைக் கேட்டால் இதை விளக்குவார்.

இதை எழுதும்போது நம் முன் ஒரு முகம் நிற்கிறது. பொதட்டூர்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் விசைத்தறியில் லுங்கி நெய்யும் குடும்பத்துப் பிள்ளை. சில ஆண்டுகளுக்குமுன் அவனுடைய தந்தை இரண்டு தறிகளை விற்று, மீதித் தொகைக்கு வங்கியில் கல்விக் கடன் கேட்டார். அதற்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டவர் நாமே. கல்லூரியின் வண்ணத்தாளைப் பார்த்து நாமும் மயங்கினோம். சீருடையணிந்த இளையோர் வானூர்தியின் முன்னே நின்று சிரிக்கிற படம். சென்ற ஆண்டு ஓர் இரவு அவன் பங்கு இல்லத்துக்கு வந்தான்.

"என்ன தம்பி படிச்சே?" என்றோம், மறந்தவர்போல்.

"ஏர்லைன்ஸ் அண்ட் ஹாஸ்பிடாலிட்டி, ஃபாதர். பாதி வருஷம் ப்ளேனு, பாதி வருஷம் ஓட்டலு."

"இப்ப எங்கே வேலை?"

"ஓட்டல்ல, ஃபாதர். துணி தொவைக்கிற எடம். பெட்ஷீட்டு, டவலு. சட்டைல கம்பெனி பேரு இருக்கு. சம்பளம் காண்ட்ராக்டர் தர்றாரு."

வானூர்தியில் ஏறியிருக்கிறாயா என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் சிரித்திருப்பான். உழைத்து உண்ணும் வேலை எதுவும் இழிவன்று. அவன் குறைபட்டதும் அதைப் பற்றியன்று. இரண்டு தொழிலைப் பாதி பாதி கற்றவனுக்கு இரண்டிலும் தொழிலாளி என்னும் பெயர் கிடைக்கவில்லை. சட்டையிலுள்ள பெயருக்கு அவன் அன்னியன். அந்நிறுவனம் நாளை அக்கட்டடத்தை விற்றால் வாங்குகிறவருக்கும் அன்னியனே. ஒன்பது தொழில் நடத்துகிற முதலாளிகள் ஒன்பதிலும் தங்கள் பெயரைப் பொறிக்கின்றனர், பொறுப்பை மட்டும் குத்தகைக்கு விடுகின்றனர். அவனுக்கு அன்று வேண்டியது இன்னொரு பரிந்துரைக் கடிதம். எழுதிக் கொடுத்தோம். கை கூசிற்று.

இனி நம் பக்கம் திரும்பாதிருப்பது நேர்மையாகாது. நம் மறைமாவட்டங்களில் சாலையைப் பார்த்த ஆலய நிலங்களில் கடைவரிசைகள் எழும்பியுள்ளன. திருமண மண்டபங்கள் எழும்பியுள்ளன. பள்ளிக்கூடத்துக்கு உதவும் என்றே எல்லாம் தொடங்கிற்று. சில இடங்களில் உதவியும் இருக்கிறது. அதை மறுத்தால் அநீதி. வேறு சில இடங்களில் வாடகை வழக்குக்காக நீதிமன்றம் போகும் குருவுக்கு நோயாளியைச் சந்திக்கப் பொழுதில்லை. பங்குப் பேரவையின் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால், எத்தனை பக்கம் கடைக்காரரைப் பற்றி, எத்தனை பக்கம் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி என்பது தெரிந்துவிடும். நாம் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில் அப்படிப் புரட்டிப் பார்த்திருக்கிறோம். அக்குறிப்புகளில் பல நாமே ஒப்பமிட்டவை.

கோயில் தேவஸ்தானமும் விடுதி நடத்துகிறதே என்று அன்பர் கேட்பார். நடத்துகிறது. மலைக்கு வருகிறவர் அங்கே தங்குகிறார். அந்த விடுதி அவருக்காக. நாம் கட்ட நினைப்பது யாருக்காக? நம் ஆலயத்துக்கு வருவோருக்கா? மற்றவருடைய மலைக்கு வருபவரின் இரவுக்கு நாம் விலை பேசப்போகிறோம். இதுவரை அவருக்கு நாம் தந்தது குழாய்த் தண்ணீர், விலையில்லாமல்.

அந்தக் காலி மனை உண்மையில் காலியாகவும் இல்லை. ஒரு மூலையில் தகரக் கொட்டகை ஒன்று உள்ளது. மாலை ஆறு மணிக்கு மேல் நெசவாளர் பிள்ளைகள் 40 பேர் அங்கே படிக்க வருகின்றனர். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. கணக்குச் சொல்லிக் கொடுக்க ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மிதிவண்டியில் வருகிறார். கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. சென்ற மழைக்காலத்தில் வாளி வைத்துச் சமாளித்தோம். வரைபடத்தில் அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் 'வாகன நிறுத்தம்' என்று எழுதியிருந்தது.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு பேரவை மீண்டும் கூடுகிறது. கூரைக்குத் தகரம் மாற்றுவதற்கான செலவுப் பட்டியலை நாம் எழுதி வைத்திருக்கிறோம். அன்பரும் சும்மா இருக்கவில்லை. நேற்றுத் திருப்பலி முடிந்ததும் அருகில் வந்து, திருத்திய வரைபடத்தைக் காட்டினார். மூன்று மாடி இரண்டாகக் குறைந்திருக்கிறது. கொட்டகையைப் பற்றிக் கேட்டோம். "அத மொட்டமாடிக்குக் கொண்டுபோயிடலாம் சாமி" என்றார்.